பொபினியில் உனக்கொரு அறை

தம்பி, கலியாணத்தன்று காலையில் நீ பொபினியில் சரோ அக்கா வீட்டிலிருந்துதான் புறப்பட வேண்டும். ஹோட்டல் கதை வேண்டாம். நேற்றுப் போனில், "அம்மா, உங்கடை வீடு சின்னன். நான் மண்டபத்துக்குப் பக்கத்திலை ஒரு ஹோட்டல் எடுக்கிறன்" என்று நீ சொல்ல, நானும் ஓம் போட்டுவிட்டு வைத்தேன். வைத்த பிறகு வந்ததே ஒரு கோபம்! உன் அப்பாவைத் தெரியும்தானே, வாயில்லாப் பூச்சி. மெல்ல எழும்பிக் குசினிப் பக்கம் போய்விட்டார். சரோ அக்கா வீட்டுப் பேச்சை எடுத்தாலே நீ வேறு கதைக்குத் தாவிவிடுகிறாய். பூர்ஸ், அந்தப் படிப்பு உதவிப்பணம், கிடைத்து நீ படிக்கப்போன நாளிலிருந்து இன்றுவரை அங்கே ஒரு தரம் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, ஏனென்றால் எனக்கு அது தெரியும். ஆனால் நீ கண்டது பாதிதான். மிச்சத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் பிரெஞ்சில் ஏதாவது சொல்லிச் சிரித்து நடுவிலேயே அறுத்துவிடுவாய். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், நல்லதாய்ப் போயிற்று. ஆறுதலாக வாசி.

தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் நாங்கள் இருந்த ஒற்றை அறையை நீ மறந்திருக்கமாட்டாய். ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் புடவைக் கடைக்கு மேல்மாடி. கடையின் பின்னறையில் நான் சாறி பிளவுஸ் தைத்தேன், அப்பா ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். அகதி வழக்கு இரண்டு தரமும் தோற்று, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. போகவில்லை. எங்கே போகிறது? அப்படி இருக்கிறவர்கள் பிள்ளையைத் தங்கள் விலாசத்தில் பள்ளிக்கூடத்தில் பதியப் பயப்படுவார்கள். பொலிஸ் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடும் என்ற பயம். அதனால் விசா உள்ள ஒருவர் தன் விலாசத்தைக் கொடுப்பார். அவருடைய கடிதப்பெட்டியில் பிள்ளையின் பெயரையும் ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது. இதற்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. விலாசம் வாங்கியவர் அந்தப் பக்கம் முகம் காட்டக்கூடாது. அயலவர்கள் கவனிக்கத் தொடங்கினால் கொடுத்தவருக்குத்தான் ஆபத்து. உன் பள்ளிக்கூடம் பொபினியில் இருந்தும், நீ தினமும் மெத்ரோவில் அங்கே போய் வந்தும், விலாசம் தந்தவரின் தெருவால் மட்டும் போகக்கூடாது என்று நான் உன்னிடம் சத்தியம் வாங்கியது அதனால்தான். நீயும் போகவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை நீ.

சரோ அக்கா எங்களுக்குச் சொந்தமுமில்லை, ஊருமில்லை. கடைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் பழக்கம். புருசன் இங்கே செத்துப்போனார். ஒரே மகன் வன்னியில் சித்தியோடு இருந்தான், உன் வயதுதான். அவனை இங்கே கூப்பிடுவதற்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று அரசாங்கம் கேட்டபடியால், ஓடித் திரிந்து பொபினியில் இரண்டு அறை வீடு எடுத்து, ஒரு அறையில் அவனுக்குக் கட்டிலும் மேசையும் வாங்கிப் போட்டார். அலுவல் எல்லாம் சரிவந்த நேரம் போரில் பாதை பூட்டிவிட்டது. போர் முடிந்து சித்தி முகாமுக்கு வந்து சேர்ந்தார், பெடியன் வரவில்லை. கடைசியாகக் கண்டோம் என்று சொல்லவும் ஆளில்லை, செத்துப்போனான் என்று சொல்லவும் ஆளில்லை. அவன் பெயரை அக்கா சொல்லி இன்றுவரை நான் கேட்டதில்லை. உன்னை எங்கே பதிவது என்று நான் கடையில் புலம்பியபோது, தைத்த பிளவுஸை மடித்தபடி சொன்னார்: "என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்குப் பிள்ளை. தம்பீன்ரை பேரை அதுக்குப் போடுங்கோ." நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடவுளே வந்து கதவைத் திறந்த மாதிரி இருந்தது.

பிறகு ஒரு கரைச்சலும் இல்லை. சனிக்கிழமைகளில் லா சப்பலுக்குச் சாமான் வாங்க வரும்போது பள்ளிக்கூடத்துக் கடிதங்களைக் கொண்டுவந்து தருவார். ஒவ்வொரு செப்தெம்பரிலும் ஒரு போன் மட்டும் வரும். "தம்பிக்கு இப்ப சப்பாத்து என்ன அளவு? சேர்ட்டுக் கழுத்து?" உனக்கு ஏதோ வாங்கித் தரப்போகிறார் என்று நினைத்து நானும் சொல்லுவேன். ஒன்றும் வந்ததில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தனி மனுசி, மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

நீ லீசேயில், அந்த மேல்நிலைப் பள்ளியில், கடைசி வகுப்புக்கு வந்தாய். கிறனோபிளில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. ஐயோ, அன்றைக்கு உன் அப்பா கடையில் இருந்த எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாரே! அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் அடுத்த இடி விழுந்தது. அரசாங்கம் கொடுக்கிற படிப்பு உதவி, அந்தப் பூர்ஸ், விசா இல்லாத பிள்ளைக்குக் கிடையாது. அதுவரை சின்னப் பிள்ளை என்று உன்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டு ஆனதும் நீயும் எங்களைப்போல் பொலிஸைக் கண்டால் தெரு மாறி நடக்க வேண்டியவன். "சரிவராட்டி என்னோடை வரட்டும். முதலாளியிட்டைக் கேட்டுப் பாக்கிறன்" என்றார் அப்பா. நீ அவருடைய கையைப் பார்த்தாய், சவர்க்காரத் தண்ணியில் வெளிறிப்போன கை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தலைகீழாய் நின்றாவது உன்னை அந்தச் சிங்குக்குப் பக்கத்தில் நிற்கவிடக்கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன்.

வழி காட்டியது உன் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, விசா இல்லாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பூர்ஸ் கொடுக்கிறார்கள், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பார்ப்பார்கள், ப்ரெபெக்தூர்க் கந்தோரில் விசாவுக்குப் போடும்போதும் கூட வந்து நிற்பார்கள் என்றார். ஒரேயொரு விஷயம், வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்களாம். எந்த வீட்டுக்கு? "உண்மையைச் சொல்லுவம் அம்மா" என்றாய் நீ. உன் பள்ளிக்கூடத்து வாழ்க்கை முழுவதும் அந்த விலாசத்தில்தான் இருக்கிறது. அது பொய் என்றால் நீ இந்த நாட்டில் வளர்ந்ததையே சந்தேகப்படுவார்கள், இடம் கொடுத்த பாவத்துக்கு அக்காவும் மாட்டுவார். ஆகவே அந்தச் சும்மா கிடக்கிற அறையில் உன் சாமான்களைப் பரப்பி, நாங்கள் எல்லோரும் அக்காவோடுதான் இருக்கிறோம் என்று காட்டிவிடுவதாக முடிவானது. அக்காவிடம் கேட்டேன். "வரட்டும் பிள்ளை, அதுக்கென்ன" என்றார், சர்வசாதாரணமாக.

ஒரு புதன்கிழமை மத்தியானம். நீ பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வருவதாக ஏற்பாடு. உன் உடுப்பையும் புத்தகங்களையும் பெரிய கடைப்பைகளில் திணித்துக்கொண்டு நானும் அப்பாவும் முன்னாலேயே போனோம். அந்த வீட்டுப் படியை அன்றைக்குத்தான் முதன்முதலாக மிதிக்கிறோம். லிப்ட் வேலை செய்யவில்லை, மூச்சு வாங்க ஏறினோம். "அக்கா, தம்பீன்ரை சாமான் கொண்டந்தனாங்கள். எங்கை வைக்கிறது?" என்று கேட்டேன். பைகளைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்குப் பிள்ளை இதெல்லாம் காவிக்கொண்டு வாறியள்? எல்லாம் இஞ்சை இருக்குத்தானே" என்று சொல்லி அறைக் கதவைத் திறந்தார்.

வெயில் நல்லாய் எறித்துக்கொண்டிருந்தது, அதைச் சொல்லவேண்டும், இருட்டில் கண்டு பயந்தேன் என்று நீ நினைக்கக்கூடாது. கட்டில் விரித்திருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளம். மேசையில் கடித்த பேனை மூடி. சுவரில் உன் வகுப்புப் படங்கள், ஒரு வருடமும் தவறாமல். சரி, பள்ளிக்கூடத்துத் தபால் இவரிடம்தானே வருகிறது, ஆசைக்கு எடுத்து மாட்டியிருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அலுமாரியைத் திறந்தேன். சேர்ட்டுகள், நான் போனில் சொன்ன அளவுகளில், சின்னதிலிருந்து பெரிதுவரை. நான் தையற்காரி தம்பி. துவைத்துப் பழசான துணி வேறு, உடம்பில் கிடந்து பழசான துணி வேறு. கொலரின் உட்பக்கம் கழுத்து உரசி மங்கியிருந்தது. முழங்கைகள் மேசையில் ஊன்றிப் பளபளத்திருந்தன. கீழே சப்பாத்துச் சோடிகள். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். இடது குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. உனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும்தான் அப்படித் தேயும். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, தன் காற்சட்டையில் கையைத் துடைத்தார்.

"இது ஆற்றை சேர்ட் அக்கா?" என்று கேட்டேன்.

"தம்பீன்ரை."

"எந்தத் தம்பி?"

விசர்க் கேள்வி கேட்கிற குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை கதைக்கிறியள்? உங்கடை தம்பிதான். தபால்பெட்டியிலை பேர் இருக்கெல்லோ."

மேலே கேட்க நேரமில்லை, மணி அடித்துவிட்டது. வாசலில் நீ, உனக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு, பூர்ஸுக்காக வீடு பார்க்க வந்த மதாம், அவருக்கு வழிகாட்டிக்கொண்டு வந்த கீழ்வீட்டு அல்ஜீரியக் கிழவர். கிழவர் உன் தோளில் தட்டி, இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டாயே என்றார். யாரோ வயதானவர் ஆள் மாறிக் கதைக்கிறார் என்று நீ மரியாதைக்குச் சிரித்தாய். மதாம் அவரிடம், இந்தப் பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டார். என் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் விளங்கியது. தெரியாமல் என்ன, காலையில் இவன் படியிறங்குகிற சத்தம் கேட்டுத்தான் நான் கோப்பி வைப்பேன் என்றார். மாரியில் இருமுவானாம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இவரை முதலில் போகவிடுவானாம். தாய் தகப்பனைத்தான் காணக் கிடைப்பதில்லை, பாவம், வேலை போலிருக்கிறது என்று எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாரா என்று அவருடைய முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்துப் பேசுகிறவன் இடைக்கிடை சொல்லிக்கொடுத்தவளைப் பார்ப்பான். கிழவர் அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகு நடந்ததுதான் நீ மறக்க நினைக்கிறது. மதாம் அறையைப் பார்த்துவிட்டு, போன தவணைப் பெறுபேற்றைக் காட்டுகிறாயா என்று கேட்டார். அது எங்கள் பைக்குள் இருக்கிறதா, அக்காவிடம் இருக்கிறதா என்று நான் தடுமாறினேன். நீ நேரே மேசைக்குப் போனாய். கீழ் லாச்சியை, அந்த இழுப்பறையை, இழுத்தாய். அது இறுகிப்போன லாச்சி, இழுத்தால் வராது. முழங்காலால் கீழிருந்து ஒரு தூக்குத் தூக்கி, வலப்பக்கம் சரித்து, சத்தமில்லாமல் திறந்து, பார்க்காமலே கையை விட்டுக் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாய். அதற்குப் பிறகுதான் உன் முகம் வெளிறியது. அக்கா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மெத்ரோவில், கார் து நோர் ஸ்டேஷன் வருவதற்கு முந்தித்தான் கேட்டேன், "லாச்சியை அப்பிடித்தான் திறக்கவேணும் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" நீ யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "தெரியேல்லை அம்மா. கை போச்சுது." பிறகு, "நான் இனி அங்கை வரமாட்டன்" என்றாய். உன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

பூர்ஸ் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று உன் டீச்சர் என்னிடம் தனியாகச் சொன்னார். பிள்ளைகள் நிறைய, பணம் கொஞ்சம், கடைசிவரை இழுபறியாம். உனக்காகப் பேசியது வீட்டுக்கு வந்த அந்த மதாம்தான். "எங்களுக்காக அவசரத்தில் ஒழுங்குபடுத்திய அறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்த்ததும் தெரிந்துவிடும். இது அப்படியில்லை. அந்த அறையில் ஒரு பெடியன் வளர்ந்திருக்கிறான். யாரோ அவனை ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள்" என்று கூட்டத்தில் சொன்னாராம். நான் சிரிப்பதா அழுவதா? உன்னைப் படிக்க வைத்தது அந்த அறை. அதில் உன் கால் பட்டது ஒரேயொரு தரம்.

நீ கிறனோபிளுக்குப் போன அடுத்த கிழமை அக்கா போன் எடுத்தார். "பிள்ளை, தம்பி இப்ப வாறேல்லை. அனுப்பிப்போட்டியள் என்ன?"

"ஓம் அக்கா. படிக்கப் போயிட்டான். உங்களுக்குத் தெரியும்தானே."

"அது தெரியும்." பிறகு சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். கீழ்வீட்டு ஐயாவும் கேக்கிறார்."

போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். பாவம் பார்த்து அழுதேன் என்று நினைக்காதே, எரிச்சலில் அழுதேன். பெத்தவள் நான் ஒற்றை அறையில் உன்னை மெசின் சத்தத்துக்குள் படுக்க வைத்து வளர்க்க, இன்னொருத்தி வெயில் விழுகிற அறையில் உன்னை வளர்த்திருக்கிறாள். உன்னில் பாதியை அவள் எடுத்துவிட்டாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. உனக்கு விசா கிடைத்து, வேலை கிடைத்து, பிறகு அந்த விலாசம் தேவைப்படாமல் போனதும் நானும் போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அவர் கடைப்பக்கம் வந்தால் வேலை அதிகம் என்று சொல்லி மெசினைவிட்டு எழும்பமாட்டேன். அவர் அதற்கும் கோபிக்கவில்லை.

போன கிழமை கலியாணத்துக்குச் சொல்லப் போனேன். அப்பாவும் வந்தார். அக்காவுக்குக் கால் ஏலாது, பிடித்துப் பிடித்து நடக்கிறார். கீழ்வீட்டுக் கிழவர் இப்போது இல்லை. குங்குமமும் கார்டும் கொடுத்தோம். வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு, எங்களை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தார். பட்டுவேட்டி. உனக்கு எடுத்து வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் அதே கரையோடு இன்னொரு பட்டுவேட்டி.

"ரெண்டு என்னத்துக்கு அக்கா? மாப்பிள்ளைத் தோழனுக்கோ?"

"தோழன் பொம்பிளையின்ரை தம்பியெல்லோ? அவனுக்கு அவையள் எடுப்பினம். இது எங்கடை ஆளுக்கு." வேட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே அறையிலை இத்தினை வருசம் இருந்தவங்கள். ஒருத்தன் மாப்பிள்ளையாப் போகேக்கை மற்றவன் பழசோடை நிக்கிறதே?"

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதே நேரம், என்னவென்று சொல்ல, நெஞ்சுக்குள் இத்தனை வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. நான் பெரிய முட்டாள் தம்பி. அவர் உன்னை அவனாக்கவில்லை. நீ யார், அவன் யார் என்று அவருக்கு எந்த நாளும் வடிவாகத் தெரிந்திருக்கிறது. அவன் அங்கே தனியே இருக்கப் பயப்படுவான் என்று உன்னைத் துணைக்கு வைத்திருந்தார். உன் பெயரைப் பெட்டியில் ஒட்டி, உன் அளவில் உடுப்பு வாங்கி, உன் படத்தைச் சுவரில் மாட்டி, அவனுக்கு ஒரு கூட்டாளி கொடுத்திருந்தார். நீ சொல்லாமல் போனபோது அவர் கவலைப்பட்டதும் தனக்காக இல்லை. அந்தச் சப்பாத்துகளை யாருடைய கால் தேய்த்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். சேர்ட்டுத் துணியையும் என்னிடமே தந்தார். "தம்பீன்ரை அளவு உங்களுக்குத் தெரியும். மற்றதுக்குத் தோளிலை ஒரு விரல் கூட விடுங்கோ, அவன் கொஞ்சம் அகலம்" என்றார். உன் அப்பா, ஒருநாளும் வாய் திறவாத மனுசன், "கையும் கொஞ்சம் நீட்டாய் விடட்டே அக்கா?" என்று கேட்டார். "ஓம், விடச் சொல்லுங்கோ" என்றார் அக்கா. இரண்டையும் தைத்து முடித்துவிட்டேன். கொளுவி வைத்திருக்கிறேன்.

ஆகவே நீ வரவேண்டும். முதல்நாளே வந்து அந்த வீட்டில் தங்கு. காலையில் உன் தலையில் அறுகும் பாலும் வைக்கும்போது முதலில் அக்காவின் கைதான் படவேண்டும். புருசன் இல்லாதவளின் கை முதலில் படுவதா என்று எங்கள் சனத்தில் நாலு பேர் முணுமுணுக்கும். அந்த நாலு வாயையும் நான் பார்த்துக்கொள்கிறேன், உன் அம்மாவுக்கு அது பெரிய வேலையில்லை. முழுகிவிட்டு நீ வேட்டி கட்ட அந்த அறைக்குப் போவாய். பயப்படாதே ராசா. அது உன் அறைதான், அரசாங்கமே அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறது. இருந்தாலும் கதவு சாத்தியிருந்தால் தட்டு. தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து உள்ளே போ.